சொல் விளக்கம்: பகா எண்

'பகு' என்றால் பிரி, கூறாக்கு. பகுதி, பகிர்வு, பகுத்தறிவு எல்லாம் அந்த வேரில் கிளைத்தவைதான். 'பகாத' என்பதன் ஈறு விழுந்து 'பகா' ஆனது. அழியாப் புகழ், வாடா மலர் என்று சொல்கிறோமே, அதே வார்ப்பு. இலக்கணக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; பெயர்தான் பயமுறுத்தும். இதன் பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். பாடநூலில் 'பகாக் காரணி' என்று அச்சாகியிருப்பது அதனால்தான்.

கணக்குக்கு வருவோம். 12 நாற்காலிகளை 3 வரிசையாகவோ 4 வரிசையாகவோ சரிசமமாகப் போடலாம். 13 நாற்காலி என்றால் ஒரே நீள வரிசைதான், இல்லையென்றால் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த வேண்டும். இப்படி 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய முழு எண் பகா எண்: 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். 1-ஐவிடப் பெரிய மற்ற முழு எண்கள் பகு எண்கள். 57, 91 இரண்டும் பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். 3 × 19, 7 × 13 என்று பிரித்துப் பார்த்தால்தான் குட்டு உடையும்.

7-ஐப் பாதியாக்கினால் மூன்றரை வருமே, அப்புறம் எப்படிப் பகாதது என்று கேட்கலாம். இங்கே பின்னத்துக்கு இடமில்லை. முழு எண்ணாகப் பிரிந்தால்தான் பகுபட்டதாகக் கணக்கு.

ஆங்கிலத்தின் 'பிரைம்' வந்த வழி வேறு. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் கிரேக்கத்தில் எழுதியது 'புரோட்டோஸ் அரித்மோஸ்', அதாவது முதல் எண். லத்தீனில் அது 'நியூமரஸ் பிரைமஸ்' ஆனது. சிறிய எண்களைப் பெருக்கிப் பெற முடியாமல் தானே முதலாக நிற்கும் எண் என்பது கருத்து. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வரும் 'முதன்மை எண்' இந்த வழியைச் சேர்ந்தது. இந்தியின் 'அபாஜ்ய' நம்முடைய வழி: பகுக்க முடியாதது.

எனக்குப் பகா எண்தான் பிடிக்கும். முதன்மை என்றதும் ஏதோ முக்கியமான எண் போலிருக்கிறது என்று தோன்றிவிடும். பகா என்ற சொல்லிலோ வரையறையே இருக்கிறது. நன்னூலிலும் இதே சொல் உண்டு. 'உண்டான்' என்பது உண், ட், ஆன் என்று பிரியும், அது பகுபதம். 'மரம்' அப்படிப் பிரியாது, அது பகாப்பதம். கணக்கு வாத்தியாருக்கு முன்பே தமிழ் வாத்தியார் பகாததைப் பேசியிருக்கிறார்!

ஆனால் 1 விஷயத்தில் இந்தச் சொல் நம்மைக் கைவிடும். 1-ஐயும் பகுக்க முடியாதுதானே? 1914-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் லேமர் வெளியிட்ட புகழ்பெற்ற பகா எண் அட்டவணைகூட 1-ஐச் சேர்த்துக்கொண்டது. இன்று அதை விலக்கிவைக்கக் காரணம் உண்டு. 60-ஐப் பகா எண்களின் பெருக்கமாக எழுத 2 × 2 × 3 × 5 என்ற ஒரே வழிதான். வரிசையை மாற்றலாம், எண்களை மாற்ற முடியாது. 1-ஐ உள்ளே விட்டால் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் பெருக்கிக்கொண்டு போகலாம், அந்த ஒருமை கெட்டுவிடும்.

இதே குடும்பத்தில் 'சார்பகா எண்கள்' என்றும் ஒரு சொல் உண்டு. 8, 15 இரண்டுமே பகு எண்கள். ஆனால் இரண்டுக்கும் பொதுவான காரணி 1 மட்டும். அதனால் ஒன்றைச் சார்ந்து மற்றொன்று பகாதது.