நிதானமாகத்தான் ஓட்டினான்

இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் கடைகள் மூடுகின்றன. சனிக்கிழமையானால் பத்தரைக்கு மேல் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் கதவைச் சாத்த நேரம் இருக்காது. பதினாறு ஆண்டுகளாகச் சென்னையில் இந்த இரவுப் பணியைப் பார்த்து வருகிறேன். ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரின் பெயரை நான் கேட்பதற்குள் கூட வந்தவர் சொல்லிவிடுவார்: "கொஞ்சம்தான் குடித்திருந்தான் சார். நிதானமாகத்தான் வண்டி ஓட்டினான்."

அதை நான் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. சொல்பவர் நம்பித்தான் சொல்கிறார். ஓட்டியவரும் நம்பித்தான் ஓட்டினார். வில்லங்கம் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. கால் தள்ளாடுவதற்கு வெகுநேரம் முன்பே, 'நாம் சரியாக இருக்கிறோமா' என்று நமக்குள் கணக்குப் பார்க்கிற மூளைப்பகுதியை மது மங்கச் செய்துவிடுகிறது. தராசு கோணிப்போன பிறகு எடை மட்டும் எப்படிச் சரியாக வரும்?

கார் நான்கு சக்கரத்தில் தானாக நிற்கும். பைக்கை நிமிர்த்திப் பிடித்திருப்பது ஓட்டுபவரின் சிறுமூளையும் உட்காதும்தான். மதுவுக்கு எளிதில் ஆட்டம் காண்பவையும் அவைதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கை நோக்கி விரல் போக அரை நொடி தாமதித்தாலே 7 மீட்டர் போய்விடும். இரண்டு ஷேர் ஆட்டோக்களை முன்னும் பின்னுமாக நிறுத்தக்கூடிய தூரம் அது. மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலையிலும் ஓஎம்ஆரிலும் தடுப்புகளை இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருந்த நாட்களில், நேற்று நேராகப் போன பாதை இன்று வளைந்திருக்கும். குடிக்காதவனுக்கே திடுக்கென்றிருக்கும் இடம். குடித்தவன் நேற்றைய பாதையில் போனான்.

'கொஞ்சம்தான்' என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. சீசாவின் மேலேயே 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படியென்றால் அதில் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதை வேகமாகக் குடித்து முடித்தால் 100 மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு சொல்லும் வரம்பு 30 மில்லிகிராம். அதைத் தாண்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதாவது, ஒரே ஒரு குவார்ட்டரில் வரம்பைப் போல் நான்கு மடங்கு. இதைத்தான் 'கொஞ்சம்' என்கிறோம்.

ஏறியது இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதே 100 மில்லி இரத்தக் கணக்கில், கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம்தான் கழிக்கும். ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும், குறையும். எலுமிச்சைச் சாறு, மோர், கடுங்காப்பி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. குளித்த குடிகாரன் கிடைப்பான், அவ்வளவுதான். இரவு பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் சட்ட வரம்புக்குக் கீழே வர அதிகாலை நான்கு ஆகிவிடும். 375 மில்லி 'ஆஃப்' என்றால் மறுநாள் நண்பகலும் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பி, வழியில் விழுந்து வந்த ஒருவர், "நேற்று ராத்திரி குடித்தது டாக்டர், தூங்கி எழுந்துவிட்டேனே" என்று என்னிடம் வாதாடினார். அவர் தூங்கி எழுந்தது உண்மை. இரத்தத்தில் இருந்தது இன்னும் எழுந்து போகவில்லை.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் சொல்ல வந்தது வேறு. விழுந்த பிறகு நடக்கும் ஒரு தவறு அது.

ஒரு விடியற்காலை, இருபத்தாறு வயது இளைஞனை அறைத் தோழர்கள் மூவர் தூக்கி வந்தார்கள். முந்தைய இரவு பதினொரு மணிக்கு விழுந்திருக்கிறான். தானே எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, வண்டிக் கண்ணாடி உடைந்ததற்காகத் தோழனோடு சண்டையும் போட்டிருக்கிறான். அறைக்கு வந்ததும் படுத்துவிட்டான். "போதை தெளியட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விளக்கை அணைத்திருக்கிறார்கள். குறட்டை பலமாக இருந்ததாம். அதிகாலையில் பார்த்தால் தலையணையெல்லாம் வாந்தி. எங்களிடம் வந்தபோது அவனுடைய வலது கண் பாப்பா விரிந்து, டார்ச் ஒளிக்கு அசையாமல் இருந்தது.

காதுக்குச் சற்று மேலே நெற்றிப்பொட்டு எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விடும்போது அது கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே இரத்தம் தேங்கும். தேங்கி மூளையை அழுத்தும் வரை ஆள் தெளிவாகப் பேசுவார், நடப்பார். பிறகு மெல்ல மயங்குவார். குடிக்காதவர் பேச்சுக்கு நடுவில் கண் சொருகினால் வீடே அலறும். குடித்தவர் சொருகினால் போர்வை போர்த்திவிடுகிறோம். அந்தச் சில மணி நேரத்துக்குள் இரத்தக் கட்டியை அகற்றியிருந்தால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அவன் பிழைக்கவில்லை. அவனை மூன்று மாடி தூக்கி இறக்கிய தோழன் வராந்தாவில் உட்கார்ந்து, "தூங்குகிறான் என்றுதானே சார் நினைத்தேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால், பயிற்சி மருத்துவனாக இருந்தபோது நானும் அதே தவறின் விளிம்பு வரை போயிருக்கிறேன். வாயில் வாடை வந்த ஒருவரைக் குளுக்கோஸ் ஏற்றி ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனேன். என் மூத்த மருத்துவர் வந்து அவரைக் கிள்ளிப் பார்த்து, இடது கை அசையவில்லை என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் ஒலிக்கிறது. குடித்து, விழுந்து, மயங்கியிருப்பவரை, சி.டி. ஸ்கேன் பார்க்கும் வரை தலைக்காயக்காரராகவே வைத்திருப்பேன். மயக்கத்துக்கு மதுதான் காரணம் என்பது கடைசியில் எழுத வேண்டிய வரி.

ஆகவே, உங்களோடு குடித்தவர் வண்டியிலிருந்து விழுந்து தலை அடிபட்டால் அவரைத் தூங்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். தட்டியும் எழாத குறட்டை, அடுத்தடுத்து வாந்தி, வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தமோ நீரோ கசிவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது என ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே 108. இன்னொரு பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுவரும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தப் பயணத்திலேயே கை கால் செயலிழக்கக்கூடும். சோடா, தண்ணீர் புகட்டவும் வேண்டாம். அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போகும். போலீஸ் கேள்வி கேட்குமே என்ற அச்சத்துக்கும் இடமில்லை. வழியில் போகிறவர் உதவிக்கு வந்தால் அவருக்கு 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. செலவைப் பற்றித் தயங்குகிறவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை, குறிப்பிட்ட உச்சவரம்பு வரை.

குடும்பத்தார் என்னைத் தனியாக அழைத்துக் கெஞ்சுவது விபத்துப் பதிவேட்டில் எழுதும் ஒரு வரிக்காக. "வாயில் மது வாடை என்பதை மட்டும் விட்டுவிடுங்கள் டாக்டர், இன்சூரன்ஸ் கிடைக்காது." கிடைக்காமல் போகக்கூடும் என்பது சரிதான். தனிநபர் விபத்துக் காப்பீட்டில் போதையில் ஓட்டியவருக்கு இழப்பீடு மறுக்க வழி இருக்கிறது. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கும் பெண்ணிடம் முடியாது என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்களிடமாவது மறைக்காதீர்கள் என்பேன். எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார், தினமும் குடிப்பவரா என்ற மூன்றும் மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும். தினமும் குடிப்பவர் தொடை எலும்பு முறிந்து படுத்திருப்பார். இரண்டாம், மூன்றாம் நாளில் திடீரெனக் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், கட்டைப் பிய்த்துக்கொண்டு இறங்கப் பார்ப்பார். மது திடீரென நின்றதால் வரும் நிலை அது. கவனிக்காவிட்டால் உயிரையும் எடுக்கும். "அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை" என்று முதல் நாள் சத்தியம் செய்த மனைவி, மூன்றாம் நாள் தலைகுனிந்து நிற்பார்.

ஹெல்மெட்டைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? டேங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டைக் கீறல் விழாமல் என் மேசையில் கொண்டுவந்து வைத்த உறவினர்கள் உண்டு.

சென்ற மாதம் ஒருவர் காலில் வைத்த தகட்டை எடுக்க வந்திருந்தார். ஒன்றரை ஆண்டுக்கு முன் நள்ளிரவில் நான் பார்த்த ஆள். பெரம்பூரிலிருந்து 29சி பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். வண்டி என்னவாயிற்று என்று கேட்டேன். இன்னும் காவல் நிலையத்துச் சுவரோரம்தான் நிற்கிறதாம். சீட்டின் மேல் பூசணிக்கொடி படர்ந்து காய்த்தும் விட்டதாம். "அபராதம் கட்டி எடுத்துவிடலாம் டாக்டர்" என்றார். "வீட்டில் சாவி எங்கே இருக்கிறது என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறாள்."