மூணு பேரு, ஒரு பேனா, ஆறு நிமிஷ வீடியோ

காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்குறேன், பாதிக்கு மேல தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க. மனப்பாடம் பண்ண கட்டுரைன்னா கடகடன்னு எழுதிடுவாங்க, சொந்தமா நாலு வரி எழுதுன்னா பேனா நகராது, என்ன எழுதுறதுன்னும் தெரியல எப்படி எழுதுறதுன்னும் தெரியல. வீடியோ போட்டா என்ன எழுதுறதுங்கிற அந்த முதல் பாரம் இறங்கிடுது.

நான் போடுறது 'பேர் ஃபிலிம்', அதாவது பேரிக்காய் படம். 1975ல பெர்க்லி யுனிவர்சிட்டில வாலஸ் சேஃப்ங்கிற மொழியியல் ப்ரொஃபசர், ஒரே கதையை வேற வேற மொழிக்காரங்க எப்படி சொல்றாங்கன்னு பாக்க எடுத்தது. ஆறு நிமிஷம், வசனமே கிடையாது. ஒருத்தர் மரத்துல பேரிக்காய் பறிக்கிறாரு, சைக்கிள்ல வர்ற பையன் ஒரு கூடையை தூக்கிட்டுப் போயிடுறான், வழியில விழுறான், மூணு பசங்க தூக்கி விடுறாங்க.

ரெண்டு தடவை போட்டுட்டு மூணு மூணு பேரா உக்கார வச்சு ஒரு பேப்பர் ஒரு பேனா மட்டும் குடுப்பேன், போன் பைக்குள்ள. தமிழ்ல பேசி சண்டை போட்டாலும் தடுக்க மாட்டேன், எழுதுறது மட்டும் இங்கிலீஷ்ல. ஒருத்தன் ரெண்டாவது வரியிலயும் 'எ பாய்'னு எழுதினான், பக்கத்துல இருந்த பொண்ணு "டேய் இது வேற பையனாடா? அந்தப் பையன்தானே"ன்னு கேட்டா, கேட்டுட்டு அவளே 'த பாய்'னு மாத்திட்டா. ஒரு பையன், அந்தப் பையன், அவ்ளோதான், நான் போர்டுல எத்தனை தடவை எழுதிப் போட்டும் ஏறாத ரூல் இது. இன்னொரு குரூப்ல 'வந்து பாத்து எடுத்து வச்சிட்டு போனான்'ங்கிறதை 'அண்ட்' 'அண்ட்'னு கோத்துட்டுப் போய், படிச்சுப் பாத்து நல்லால்லன்னு அவங்களே ரெண்டு வாக்கியமா உடைச்சாங்க.

இப்படி எழுத வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. கனடால பிரெஞ்சு மீடியத்துல வருஷக்கணக்கா படிச்ச இங்கிலீஷ் வீட்டுப் பசங்க பிரெஞ்சைக் காதால கேட்டா நல்லா புரிஞ்சுக்கிட்டாங்க, பேச எழுத மட்டும் தடுமாறினாங்க, அதை வச்சுதான் மெரில் ஸ்வெய்ன்ங்கிற மொழி ஆராய்ச்சியாளர் 1985ல சொன்னாங்க, உள்ள வாங்கினா மட்டும் பத்தாது, வெளிய சொல்ல முயற்சி பண்ணணும்னு. அப்பதானே நமக்கு எது வரலைன்னே தெரியும்.

ஆரம்பத்துல நல்லா எழுதுற பையன் கையில பேனாவைக் குடுத்து தப்பு பண்ணிட்டேன், அவனே முழுசா எழுதி முடிச்சான், மத்த ரெண்டு பேரும் ஜன்னலைப் பாத்துட்டு இருந்தாங்க. இப்ப பேனா தயங்குற புள்ளை கையிலதான்.

தப்பை நான் திருத்துறதும் இல்லை, அந்த வரிக்கு அடியில ஒரு கோடு மட்டும், மூணு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கணும். அடுத்த வாரம் அதே வீடியோவை தனித்தனியா எழுதச் சொல்லுவேன், மார்க் அதுக்குத்தான்.