கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு

போன மாதம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து முடித்த ஒரு பெண் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே தயங்கி நின்றார். "அண்ணே, இன்னைக்குப் பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். அவர் பார்வை என் தலைக்கு மேலிருந்த பலகையிலேயே இருந்தது: 'கதிரியக்கவியல் துறை. எச்சரிக்கை, கதிரியக்கம்.' அந்தப் பலகையை நம்பித்தான் அவர் பயந்தார். தப்பு அவருடையது அல்ல.

எக்ஸ்ரே அறையில் கதிரியக்கம் கிடையாது. இருப்பது கதிர்வீச்சு.

ரேடியஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சக்கரத்தின் ஆரக்கால் என்றும் ஒளிக்கதிர் என்றும் பொருள். நம் 'கதிர்' ஞாயிற்றுக்கும் வரும், நெல்லுக்கும் வரும், நூல் நூற்கவும் வரும். ஆக, ரேடியேஷன் என்றால் கதிர்வீச்சு. அதில் யாருக்கும் சண்டையில்லை.

சண்டை 'இயக்கம்' என்பதில்தான். 1895 நவம்பரில் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டு பெக்கரல், யுரேனியம் எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தானாகவே கதிரை வெளியிடுவதைக் கண்டார். இந்தத் தன்மைக்கு 1898-இல் கியூரி தம்பதியர் வைத்த பெயர்தான் ரேடியோ ஆக்டிவிட்டி. அதற்குத் தமிழ் கதிரியக்கம். பள்ளிப் பாடநூலிலும் அப்படியே இருக்கிறது. அணுக்கரு தானாகச் சிதைவதைக் குறிக்கும் சொல் அது. சுவிட்ச் போட்டு அதைத் தொடங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

எக்ஸ்ரே குழாய் அப்படியா? மின்சாரம் போனால் எலக்ட்ரான் டங்ஸ்டனில் மோதுவது நிற்கும், கதிரும் அந்தக் கணமே நிற்கும். குழல்விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிஞ்சுகிறதா? அதுபோலத்தான். சுவரிலும் மிஞ்சாது, உடம்பிலும் மிஞ்சாது, தாய்ப்பாலிலும் மிஞ்சாது.

"கதிரை இயக்குவதால் கதிரியக்கம், இதில் என்ன குற்றம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நன்கு படித்தவர்களே கேட்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 கொடுக்கிறார்களே, அங்கே என்ன பலகை மாட்டுவீர்கள்? அந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 8 நாள். அதை விழுங்கியவர் உடம்பே சில நாள் கதிரை வீசும். அவர் குழந்தையைத் தூக்காமல் தள்ளி இருக்க வேண்டும், பால் கொடுப்பதை முன்கூட்டியே முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு கதவுக்குப் பின்னால் 'பால் கொடு', இன்னொரு கதவுக்குப் பின்னால் 'கொடுக்காதே'. இரண்டு கதவிலும் ஒரே சொல்லை எழுதினால் தாய் எதை வைத்துப் பிரித்தறிவாள்?

அளவுகளைப் பார்த்தாலும் தெரியும். கதிரியக்கத்தை பெக்கரல் என்ற அலகில் அளக்கிறோம். உடம்புக்கு விளையக்கூடிய தீங்கைக் கணிக்க சீவர்ட் என்ற அலகு. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்குப் பொதுவாக 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாது. இயற்கையாகவே ஒருவர் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 வாங்குகிறார். எக்ஸ்ரே இயந்திரம் எத்தனை பெக்கரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அதற்குள் சிதைய ஒன்றுமே இல்லை. இதற்காக அஜாக்கிரதையாக இருக்கச் சொல்லவில்லை. நான் ஈய ஏப்ரன் இல்லாமல், வாங்கிய கதிரை அளக்கும் பேட்ஜ் இல்லாமல் வேலை செய்வதில்லை. கர்ப்பமா என்று கேட்காமல் யாரையும் படுக்கவைப்பதும் இல்லை.

அப்புறம், ரேடியாலஜிக்கு என் சொல் கதிரியல். அதற்குள் 'யக்க'த்தை நுழைத்தது யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் அவசரம். சொல் நீளமாக இருந்தால் அறிவியல் ஆகிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. கதிரியல் துறையில்தான் அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் இருக்கின்றன. ஒன்று ஒலி, இன்னொன்று காந்தமும் ரேடியோ அலையும். அந்த அறைகளையும் 'கதிரியக்கவியல்' என்ற பலகை ஒன்றாய்ச் சேர்த்து மிரட்டுகிறது. செய்தித்தாள்கள் 'செல்போன் கோபுரக் கதிரியக்கம்' என்று எழுதும்போது வயிறு எரிகிறது. கோபுரம் வீசுவது ரேடியோ அலை, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து அதை அயனியாக்கும் வலுவே அதற்குக் கிடையாது.

எங்கள் பதவிக்கு அரசு வைத்த 'நுண்கதிர் வீச்சாளர்' என்ற பெயரிலும் எனக்குக் குறை உண்டு. மைக்ரோவேவுக்கு நுண்ணலை என்கிறோம், எக்ஸ் கதிருக்கும் நுண் என்றால் குழப்பம்தானே. ஊடுகதிர் என்பது எவ்வளவு தெளிவு! ஆனாலும் அந்தப் பெயரில் 'வீச்சு' சரியாக இருக்கிறது. அதை வைத்தவர் யோசித்து வைத்திருக்கிறார்.

பலகையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன்: 'சிவப்பு விளக்கு எரியும்போது கதிர்வீச்சு. அணைந்தால் இல்லை. பால் கொடுக்கலாம்.'