கோன் டிஸ்ட்ரோபி: தமிழில் ‘கூம்பு நலிவு’

கண் மருத்துவமனை அறிக்கையில் ‘கோன் டிஸ்ட்ரோபி’ (விழித்திரையின் கூம்பு செல்கள் கெடும் நோய்) என்று இருந்தால் வீட்டாருக்கு அதைக் ‘கூம்புச் செல் சிதைவு’ என்றோ ‘அழிவு’ என்றோ சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ‘கூம்பு நலிவு’ என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் கோன். கிரேக்க ‘கோனோஸ்’ என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது, பைன் மரத்துக் காய்க்கும் அதே பெயர்தான். தமிழில் கூம்புதல் என்றால் குவிதல்; ‘மலர்தலும் கூம்பலும்’ என்கிறது குறள் 425. கப்பலின் பாய்மரத்தையும் கூம்பு என்கிறது புறநானூற்றின் 30-ஆம் பாட்டு. ஆக, பள்ளிப் பாடநூலில் வரும் கூம்பு செல் என்ற பெயர் நல்ல பெயர், அதை மாற்றத் தேவையில்லை.

விழித்திரையில் ஏறக்குறைய 60 லட்சம் கூம்புகள் உண்டு, நடுவில்தான் அடர்த்தி. நிறமும் நுணுக்கமும் பகல் பார்வையும் இவற்றின் வேலை. இவை நலிந்தவர் ஏற்காட்டில் மூட்டம் இறங்கிய நாளில் கண்ணைச் சுருக்காமல் நடப்பார், அதே ஆள் சேலத்து உச்சிவெயிலில் பேருந்துப் பலகையைப் படிக்க முடியாமல் தவிப்பார், சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் தறி வேலை என்றால் நூலின் நிறம் பிரிப்பதே பெரும்பாடு. மாலைக்கண்ணுக்கு நேர் எதிர். பரம்பரையாக வருவது, சில வகைகளில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும், அதனால் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. இது யார் குற்றமும் இல்லை.

இப்போது டிஸ்ட்ரோபி. கிரேக்கத்தில் ‘டிஸ்’ என்றால் கெட்ட, ‘ட்ரோஃபே’ என்றால் ஊட்டம். ஊட்டம் கெட்டு மெலிவது என்றுதான் பொருள், செத்துப்போவது என்று இல்லை.

படங்களும் இதையே காட்டுகின்றன. ஓசிடி என்ற கண் ஸ்கேன் விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும், கூம்புகள் கெட்ட இடத்தில் ஒரு வெளிர்கோடு அறுந்து தெரியும், ஆனால் தனிச் செல்லைப் பார்க்க வழக்கமான ஓசிடி போதாது, ஏனென்றால் நம் கருவிழியும் லென்ஸுமே ஒளியைக் கோணலாக்குகின்றன. இதற்கு வழி வானியலிலிருந்து வந்தது. காற்றால் கலங்கும் நட்சத்திர ஒளியை வளையும் கண்ணாடியால் நேராக்கலாம் என்று ஹொரஸ் பாப்காக் 1953-இல் சொன்னார். 1997-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதே உத்தியால் உயிருள்ள மனிதக் கண்ணின் கூம்புகளைத் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். ‘அடாப்டிவ் ஆப்டிக்ஸ்’ என்பது இதுதான், தகவமை ஒளியியல் எனலாம். இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது.

இந்தப் படத்தில் நலமான கூம்பு பளிச்சென்ற புள்ளி. புள்ளி இருண்டிருந்தால் செல்லே போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நேராகத் திரும்பும் ஒளியை விட்டு, பக்கவாட்டில் சிதறும் ஒளியைப் பிடிக்கும் முறை 2014 வாக்கில் வந்தபோது, இருண்ட இடங்கள் சிலவற்றில் கூம்பின் உட்பகுதி அப்படியே நிற்பது தெரிந்தது. பிறவியிலேயே நிறம் தெரியாத அக்ரோமடோப்சியா உள்ளவர்களிடமும் இப்படிக் கண்டிருக்கிறார்கள். மரபணு சிகிச்சைக்கு யார் கண்ணில் இன்னும் செல் மிச்சம் என்பதுதானே கேள்வி? ‘அழிவு’ என்ற சொல் அந்தக் கேள்வியையே மூடிவிடுகிறது.

செல் உண்மையிலேயே இல்லாமல் போன இடத்துக்கு மட்டும் ‘கூம்பு இழப்பு’ என்று எழுதுங்கள். ‘கோன்-ராட் டிஸ்ட்ரோபி’ என்று வந்தால் கூம்பு-கோல் நலிவு; ‘ராட்’ என்பது மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல். முதலில் கெடுவது கூம்பு என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.