இரண்டாவது கோப்பைக்குப் பிறகு தேம்ஸ்

சனிக்கிழமை இரவு பதினொன்றரை இருக்கும். டாக்சியிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். புதுக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டை. வெளியே 9 டிகிரி குளிர். சட்டையோ பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வையில் நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. என்ன கேட்டாலும் குழறலாக ஏதோ ஒரு பதில். மனைவி அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். மருமகன் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார், குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"மாமாவுக்குப் பழக்கமில்லை டாக்டர். படகில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. தூங்கினால் தெளிந்துவிடும் என்று நினைத்தோம்."

எத்தனை கோப்பை என்று கேட்டேன். இரண்டு என்றார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சர்க்கரை 2.1. இங்கே அளக்கும் முறை வேறு; நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 38. நல்ல நிலையில் இருப்பவருக்கு 70க்குக் கீழே இறங்கக் கூடாது.

லண்டனில், தேம்ஸ் ஆற்றுக்கு நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வசந்தம் தொடங்கியதும் ஊரிலிருந்து அப்பா அம்மாக்கள் வந்து இறங்குவார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் படகுத்துறையிலோ டவர் படகுத்துறையிலோ ஏறி, விளக்கு வெளிச்சத்தில் நகரத்தைப் பார்த்தபடி சாப்பிட்டு, குடித்து, மூன்று மணி நேரத்தில் இறங்கும் படகுச் சவாரி அவர்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். லண்டன் பாலத்திலிருந்து லாம்பெத் பாலம் வரை ஒன்பது பாலங்களுக்கு இப்போது கலைநயத்தோடு விளக்கு போட்டிருக்கிறார்கள். அவற்றை நீரின் மட்டத்திலிருந்து பார்ப்பதே தனி அழகு. குடிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் படகில் நானும் குடித்திருக்கிறேன். அங்கே போய்விட்டு என்னிடம் வந்து சேர்ந்தவர்களிடம் பார்த்ததைச் சொல்கிறேன். நோயாளிகளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கோட்டுக்காரருக்கு நடந்தது இதுதான். இரவு விருந்துக்கு அவ்வளவு காசு கொடுத்திருக்கிறதே, வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வோம் என்று மதியம் சாப்பிடவில்லை. மாலை 7 மணிக்கு, 'சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதியிருந்தபடி கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையை, படகில் ஏறியதும் கையில் கொடுத்த வரவேற்பு ஒயினோடு விழுங்கினார். சைவச் சாப்பாடு மேசைக்கு வரும்போது மணி 8.40. அதற்குள் இரண்டாவது கோப்பையும் முடிந்துவிட்டது. வந்த தட்டிலும் பாதியைத் தொடவில்லை. உப்பு உறைப்பு இல்லை என்றாராம்.

சாப்பாடு தாமதமானால் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடும், புதிதாகவும் தயாரிக்கும். மது உள்ளே போனால் அதை முறிக்கும் வேலை முன்னுக்கு வந்துவிடும். சர்க்கரை தயாரிப்பு படுத்துவிடும். கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரைகளோ நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே கதிதான். குடித்தவர் தள்ளாடுவார், குழறுவார். சர்க்கரை இறங்கியவரும் அதையே செய்வார். வாயில் மது வாடை வந்துவிட்டால் வேறு காரணம் இருக்குமோ என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: அவமானம். மாமனார் குடித்துவிட்டு இப்படிக் கிடக்கிறார் என்று படகு ஊழியரிடம் எப்படிச் சொல்வது? கோட்டைப் போர்த்தி, மூலையில் சாய்த்துவைத்து, ஒரு மணி நேரம் அவரைத் 'தூங்க' விட்டிருக்கிறார்கள். இன்னொரு மணி நேரம் அப்படியே விட்டிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் குடித்த பிறகு வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கருவி கையில் இல்லையா? அவருக்கு நினைவு இருந்து விழுங்கவும் முடிந்தால் ஆரஞ்சுச் சாறோ சர்க்கரை உள்ள கோலாவோ ஒரு டம்ளர் கொடுங்கள். அது மது மயக்கமாகவே இருந்தாலும் ஒரு டம்ளர் சாறால் கெடுதல் இல்லை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊழியரைக் கூப்பிடுங்கள். காப்பி கொடுத்தால் தெளியும் என்பது வீண் நம்பிக்கை.

இனி அளவு. நம்மவர்கள் 'லார்ஜ்' என்றால் 60 மி.லி. என்ற கணக்கில் பழகியவர்கள். இங்கே ஒற்றை என்றால் பெரும்பாலும் 25, இரட்டை என்றால் 50. அதனால் 'இங்கே ஊற்றுவது கொஞ்சம்தான்' என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. 10 மி.லி. தூய மதுவை இங்கே ஒரு யூனிட் என்கிறார்கள். ஒரு யூனிட்டைக் கரைக்க உடலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஏறியதும் தரும் 125 மி.லி. நுரைக்கும் ஒயின் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சாப்பாட்டோடு 175 மி.லி. ஒயின் இரண்டு முறை என்றால் நாலரை யூனிட். கடைசியில் ஒரு இரட்டை விஸ்கி, 2 யூனிட். மொத்தம் 8. இரவு 10 மணிக்கு இறங்குபவரின் ரத்தத்தில் நள்ளிரவைத் தாண்டியும் மது ஓடிக்கொண்டிருக்கும். இதுகூடக் கோப்பை காலியான பிறகு நிரப்பினால் வரும் கணக்கு. நல்ல உபசரிப்பு என்ற பெயரில் பாதிக் கோப்பையிலேயே மேலே ஊற்றிவிட்டுப் போவார்கள். அப்போது எண்ணிக்கையே போய்விடும். காலியாகும்வரை கோப்பையின் வாயைக் கையால் மூடிக்கொள்வதுதான் என் வழக்கம்.

டவர் பாலம் நெருங்கும்போது இன்னொரு கூத்து. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து மேல்தளத்துக்கு ஓடுவார்கள், படமெடுக்க. ரத்தக்கொதிப்புக்கோ புராஸ்டேட் தொந்தரவுக்கு டாம்சுலோசினோ எடுப்பவருக்குச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். மதுவும் தன் பங்குக்கு ரத்தக்குழாய்களை விரித்து வைத்திருக்கும். படிக்கட்டில் மூன்றாவது படியில் கண் இருட்டும். அப்படி விழுந்து நெற்றி கிழிந்து வந்தவர்களுக்குத் தையல் போட்டிருக்கிறேன். கையில் போன் அப்படியே இருக்கும், பாலத்தின் மங்கலான படத்தோடு. எழுந்தால் ஒரு நிமிடம் மேசையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பாலம் எங்கும் போய்விடாது.

படகு என்றதும் ஊரிலிருந்து கொண்டுவந்த அவோமின் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. இது கடலில்லை. நகருக்குள் அந்தப் பெரிய படகு, திருச்சிக்குப் போகும் பஸ் ஆடும் அளவுக்குக்கூட ஆடாது. தூக்கம் வரவழைக்கும் அந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் ஆள் சாய்ந்துவிடுவார். அது வேண்டாம்.

மேல்தளத்தில் காற்று அறையும். இரண்டு கோப்பைக்குப் பிறகு குளிர் தெரியவில்லை என்பார்கள். தெரியாதுதான்: தோலுக்கு ரத்தம் பாய்கிறது, தோல் கதகதப்பாகிறது, அந்தச் சூடு அப்படியே காற்றோடு போகிறது. முகம் சிவந்து உற்சாகமாகப் பேசிக்கொண்டிருப்பவரின் உடலுக்குள் வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது படகை விட்டு இறங்கிய பிறகு வரும் பத்து நிமிடங்கள். சிறுநீரை அடக்கிவைக்கும் ஹார்மோனை மது தடுத்துவிடும். படகிலோ கழிப்பறைக்கு நீண்ட வரிசை. கரையேறிய இளைஞர்கள் இருட்டான ஓரம் தேடுவார்கள். இருட்டான ஓரம் என்றால் ஆற்றங்கரைதான். விக்டோரியா காலத்தில் எழுப்பிய கருங்கல் சுவர் அங்கே செங்குத்தாக நிற்கிறது. காவிரிப் படித்துறைபோலச் சரிந்து இறங்காது. இடையிடையே இருக்கும் பழைய படிகளில் பாசி. மத்திய லண்டனில் கடல் ஓதத்தால் ஆற்று நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் 7 மீட்டர் வரை போகும்; ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறும், இறங்கும். 7 மணிக்கு நீங்கள் சமதரையில் நடப்பதுபோல ஏறிப்போன மிதவை மேடை, 10 மணிக்குத் திரும்பும்போது மூன்று மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கலாம். அதே சாய்பலகை இப்போது ஏணியைப்போல நிற்கும். காலில் குதிகால் உயர்ந்த செருப்பு, தலையில் ஒயின். கணுக்கால் முறிவுகளில் பலவற்றுக்கு இதுதான் முன்கதை.

ஒரு ஏப்ரலில் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். இங்கே முதுகலை படிப்பவன். அந்தப் படிகளில் இரண்டு படி இறங்கியிருக்கிறான், வழுக்கிவிட்டது. எட்டு நிமிடம் தண்ணீரில் இருந்தான். உதடு நீலமாக, பல் தந்தியடிக்க, திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "எனக்கு நீச்சல் தெரியும் டாக்டர். கிணற்றில் தலைகீழாகக் குதிப்பேன். மூச்சுதான் வரவில்லை."

அவன் சொன்னது உண்மை. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு சில்லென்றிருந்தாலும் பொதுவாக 25 டிகிரிக்குக் கீழே போகாது. ஏப்ரலில் தேம்ஸ் பத்துப் பன்னிரண்டு டிகிரி. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீர் சட்டென்று உடலில் படும்போது, நம்மைக் கேட்காமலேயே வாய் பெரிதாகத் திறந்து ஒரு மூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீர். பிறகு மூச்சு தாறுமாறாக ஓடும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். நீச்சல் வீரனுக்கும் இதே நிலைதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்த ஆவேசம் அடங்கும். அதுவரை நீந்த முயலக் கூடாது. மல்லாந்து, காது நனைய, முகத்தை வானத்துக்குக் காட்டி மிதக்க வேண்டும். மூச்சு வசத்துக்கு வந்த பிறகுதான் கத்துவதும் பிடிமானம் தேடுவதும். மிதக்காமல் அடித்துக்கொண்டு நீந்தினால் சுமார் பத்து நிமிடத்தில் குளிரில் கைகால்கள் சொன்னபடி கேட்காது.

அவனைக் காப்பாற்றியது ஒரு தோழி. உடன் இருந்த மற்ற இருவர் சட்டையைக் கழற்றிக் குதிக்கப் பார்த்திருக்கிறார்கள். அவள் அவர்களைத் திட்டி நிறுத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த மிதவை வளையத்தை எறிந்தாள். பிறகு 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்டாள். தேம்ஸில் ஆள் விழுந்தால் கேட்க வேண்டியது அவர்களைத்தான். பேசி முடிக்கும்வரை ஒரு கையை அவன் மிதந்த திசையில் நீட்டியபடியே இருந்தாளாம். இருட்டில் ஓடும் தண்ணீரில் பார்வையை எடுத்தால் ஆளைத் திரும்பக் கண்டுபிடிப்பது அரிது. வாட்டர்லூ பாலத்தின் அருகே இரவும் பகலும் ஆட்கள் காத்திருக்கும் உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்தவர்கள் தூக்கிக்கொண்டார்கள்.

அந்த நிலையம் ஏன் வந்தது என்பது சவாரிக்காரர்கள் பலருக்குத் தெரியாது. 1989 ஆகஸ்ட் 20, அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன். மார்ஷியோனஸ் என்ற உல்லாசப் படகில் பிறந்தநாள் விருந்து. ஏறக்குறைய 130 பேர். கேனன் ஸ்ட்ரீட் ரயில் பாலத்தருகே, பௌபெல் என்ற மணல் தோண்டும் கப்பல் பின்னாலிருந்து மோதியது. அரை நிமிடத்துக்குள் படகு மூழ்கிவிட்டது. 51 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். இரண்டு கலங்களிலும் கண்காணிப்பு சரியாக இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. கப்பலின் தலைவர் முந்தைய பகலில் ஆறு பைண்ட் (சுமார் 3.4 லிட்டர்) பீர் குடித்திருந்தார் என்பதும் வெளியே வந்தது. படகில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற சரியான கணக்கே அன்று கையில் இல்லை. விசாரணைகள் நீண்டு, 2002இல்தான் தேம்ஸில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் வந்தன. படகோட்டிகளின் ரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. இறந்தவர்களுக்கான நினைவுக்கல் சதர்க் பேராலயத்தில் இருக்கிறது. வேலை முடிந்து போகும் வழியில் சில நாள் எட்டிப் பார்ப்பேன்.

படகு கிளம்பும்போது ஒலிபெருக்கியில் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, வெளியேறும் வழி எது என்று சொல்வார்கள். அந்த நேரத்தில்தான் எல்லோரும் முதல் கோப்பையை உயர்த்திக்கொண்டிருப்பார்கள். 2019 மே 29 அன்று புடாபெஸ்டில், மார்கரெட் பாலத்தடியில், மாலைச் சவாரி போன சிறு படகைப் பெரிய கப்பல் இடித்துத் தள்ளியது. அது சில நொடிகளில் மூழ்கியது. 35 பேரில் 28 பேர் பிழைக்கவில்லை. கீழ்த்தளத்தில் மேசை கிடைத்தால் இரண்டு வாசல்களையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெளிவாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

செலவுக்குப் பயந்து மருத்துவமனைக்கு வரத் தயங்குபவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கு வெளிநாட்டுப் பயணியிடமும் கட்டணம் வாங்குவதில்லை. உள்நோயாளியாகச் சேர்த்தால்தான் வாங்குவார்கள். அதற்குப் பயணக் காப்பீடு இருக்கட்டும். குடித்திருந்தார் என்பதற்காக எந்த டாக்டரும் போலீசைக் கூப்பிடப்போவதில்லை.

கோட்டுக்காரருக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "யார் என் கண்ணாடியை எடுத்தது?" என்று கேட்டார். மனைவிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்த மாத்திரையின் வேகம் அடங்க நேரமாகும், சர்க்கரை மறுபடி இறங்கும். அதனால் அவரை அன்றிரவு அனுப்பவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்து, ரொட்டித் துண்டைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். 'சாப்பாட்டுக்கு முன்' என்றால் தட்டு கண்ணெதிரே வந்த பிறகு என்று விளக்கினேன். மருமகன் தாளில் எழுதிக்கொண்டார்.

"எல்லாம் சரி டாக்டர்," என்றார் கோட்டுக்காரர். "அந்த டவர் பாலம் எப்போது வந்தது? எனக்கு ஒன்றுமே நினைவில்லையே."

அதற்கு எதிரேதான் அவரைச் சாய்த்துவைத்திருந்தார்களாம்.