கமா கண்ட இடமெல்லாம் வெட்டாதீர்கள்

திருகோணமலையில் நிரலாக்கம் படிக்க வரும் பிள்ளைகளிடம் கமாவால் பிரித்து எழுதிய ஒரு முகவரிப் பட்டியலைக் கொடுத்தால், பெரும்பாலானோர் எடுத்த எடுப்பிலேயே கமா கண்ட இடமெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். "12, உட்துறைமுக வீதி" என்ற முகவரி அந்த நொடியே இரண்டாகிவிடும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமா முகவரியின் பகுதி, பிரிப்பான் அல்ல. ஊர் இருக்க வேண்டிய கட்டத்தில் வீதி, தொலைபேசி எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ஊர். நிரலோ பிழை என்று ஒரு சொல் சொல்லாது. தவறான தரவு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும் என்பதுதான் என் கவலை.

இதற்கு நான் ஏபிஎல் (APL) என்ற நிரலாக்க மொழியைக் காட்டுவதுண்டு. கெனத் ஐவர்சன் 1962இல் நூலாக வெளியிட்ட குறியீட்டிலிருந்து வளர்ந்த அணி மொழி அது, அதாவது ஒரு வரிசை முழுவதையும் ஒரே செயலால் கையாளும் மொழி. எழுத்தெழுத்தாகச் சுற்றிவர வேண்டாம். முழு வரியையும் ஒரேயடியாகக் கேள்வி கேட்கலாம். ஒரு சின்ன வரி:

அ,"க,ச",ட

மேற்கோள் குறி எங்கே? (இருந்தால் 1, இல்லாவிட்டால் 0)
0 0 1 0 0 0 1 0 0

இதன்மேல் ≠\ போட்டால், இடமிருந்து வலமாகப் போகும்போது ஒவ்வொரு மேற்கோளிலும் நிலை 0இலிருந்து 1க்கும், 1இலிருந்து 0க்கும் மாறும்:
0 0 1 1 1 1 0 0 0

1 உள்ள இடங்கள் மேற்கோளுக்கு உட்பட்டவை. கமாக்கள் இருப்பது:
0 1 0 0 1 0 0 1 0

உள்ளே இருப்பதைக் கழித்தால் உண்மையான பிரிப்பான்கள்:
0 1 0 0 0 0 0 1 0

சரி, இனி +\ போட்டுக் கூட்டிக்கொண்டே போங்கள்:
0 1 1 1 1 1 1 2 2

மூன்று எண்கள், மூன்று புலங்கள், அதாவது மூன்று கட்டங்கள். பிரிப்பான் கமாவையும் சுற்றியுள்ள மேற்கோளையும் பிறகு கழற்றிக்கொள்ளலாம். இரட்டித்து எழுதிய மேற்கோள் இடையில் வந்தாலும் நிலை இருமுறை மாறிப் பழையபடி உள்ளேயே நிற்கும். தனி விதி தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. மேலே வேண்டுமென்றே அகர எழுத்துகளையே எடுத்தேன். "கி" கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு யூனிகோடில் இரண்டு குறியீடுகள்: க, அதன் இகர உயிர்க்குறி. "திருகோணமலை" ஆறு எழுத்து, பத்துக் குறியீடு. கமாவில் பிரிக்க இது தடையில்லை. ஆனால் இத்தனையாவது எழுத்தில் வெட்டு என்று எழுதினால் உயிர்க்குறி தனியே கழன்றுவிடும்.

முகவரிக்குள் வரி முறிவு இருக்கலாம். ஆகவே வரிவரியாக உடைக்கும் முன், முழுக் கோப்புக்கும் ≠\ போடுங்கள். கடைசி எண் 1 என்று வந்தால் எங்கோ ஒரு மேற்கோள் மூடப்படவில்லை. அந்தக் கோப்பை அப்படியே ஏற்றாமல், தந்தவரிடம் திருப்பிக் கேளுங்கள்.