18 அங்குல காயிலோடு வராதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். மெல்போர்னில் ஐ.டி. வேலை, வார இறுதியில் மெட்டல் டிடெக்டரோடு டனோலி பக்கம் தங்கம் தேடப் போகிறவர். "அண்ணா, மெஷின்ல ஏதோ கோளாறு, ஒண்ணுமே கிடைக்கல" என்றார். வாங்கிப் பார்த்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. கீழே மண்ணைத் துழாவும் வளையம் இருக்கிறதே, காயில், அதில் 18 அங்குல மோனோ (ஒரே கம்பிச்சுற்று உள்ளது) மாட்டியிருந்தது, அவ்வளவுதான்.

விக்டோரியாவின் தங்கவயல்களில் டிடெக்டர் பழுது பார்ப்பதும் புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிடுவதும் என் தொழில். இதே ஆள் வேறு வேறு முகத்தோடு வந்துகொண்டே இருக்கிறார். அதனால் எழுதிவிடுகிறேன்.

"காயில் பெரிதானால் ஆழமாகப் பார்க்கும், ஆழத்தில்தான் தங்கம் இருக்கும்." இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பெரிய காயில் ஆழமாகப் பார்ப்பது பெரிய கட்டியைத்தான். வளையம் அகல அகல அதன் காந்தப்புலம் பரந்து போகிறது, ஓர் இடத்தில் விழும் வலு குறைகிறது. ஐந்தாறு பவுன் கட்டி என்றால் அது போதும். கால் கிராம் துணுக்கு காயிலுக்கு நேர் கீழே கிடந்தாலும் சத்தம் வராமல் போய்விடும். ஜல்லிச் சல்லடையில் மாவு சலிக்கிற கதைதான். போதாததற்கு, பெரிய காயில் ஒரே நேரத்தில் நிறைய மண்ணைப் பார்க்கிறது. இங்கே மண் முழுக்க இரும்புக்கல். அதன் இரைச்சலில் மெல்லிய சிக்னல் அமுங்கிவிடும்.

ஆழம் பற்றியும் கேளுங்கள். 1869-இல் மோலியாகலில் கிடைத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' எவ்வளவு பெரிய கட்டி! மண்ணுக்குக் கீழே சுமார் 3 சென்டிமீட்டரில் கிடந்தது. 1980-இல் கிங்கோவரில் டிடெக்டர் வைத்து எடுத்த 27 கிலோ 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' இருந்தது ஓரடி ஆழத்தில். அதன் பிறகு இந்த வயல்களை எத்தனையோ பேர் சல்லடை போட்டுத் தேடிவிட்டார்கள். தெரிந்த இடங்களில் மிச்சமிருப்பது பெரும்பாலும் பொடித் தங்கம். அதற்கு 8 அங்குலமும் 11 அங்குலமும் போதும். மேல்மண் கனமாகப் படிந்த, முன்பு பெரிய கட்டிகள் கிடைத்த, ஆணி தகரம் அதிகமில்லாத இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பெரிய காயிலை எடுங்கள். புல் புதர் நடுவே என்றால் நீள்வட்டக் காயில் வசதி.

மோனோவா, D வடிவில் இரண்டு கம்பிச்சுற்று உள்ள டபுள்-டியா? காந்தத் துடிப்புகளை விட்டு விட்டு அனுப்பும் பல்ஸ் மெஷினில் மோனோவுக்கே கூர்மை அதிகம். விளிம்புதான் சின்னத் துணுக்கைப் பிடிக்கும் இடம், தோண்டிய மண்ணை அதில் காட்டிப் பாருங்கள். அதன் பார்வை கீழே போகப் போகக் குறுகும், எனவே ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதி விழட்டும். மண் கத்தித் தாங்க முடியாவிட்டால் டபுள்-டி மாட்டுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் நிம்மதியாகக் கேட்கலாம்.

வாங்கும் முன், பிளக் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் மாடலுக்கான காயில்தானா என்று கேளுங்கள். புது மாடல்கள் சிலவற்றில் காயிலுக்குள்ளேயே மின்னணுச் சில்லு (சிப்) இருக்கிறது. அதை வெட்டி வேறு காயிலில் ஒட்டிக் கொண்டு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, வாரண்டியும் போச்சு.

காயிலின் அடிமூடியைக் கழற்றித் துடையுங்கள். நான் திறந்து பார்க்கிற மூடிகளில் பாதிக்கு மேல் கறுப்பு மணல் சேறாக அப்பியிருக்கும், 'மெஷின் சும்மா சும்மா கத்துது' என்பதற்குக் காரணம் அதுதான். கேபிளைத் தண்டில் இறுக்கிச் சுற்றுங்கள், ஆடினால் அதுவும் பொய்ச் சத்தம் தரும். காயில் தண்ணீர் தாங்கும் என்பதற்காக, தாங்காத கண்ட்ரோல் பாக்ஸையும் ஓடைக்குள் இறக்காதீர்கள்.

விக்டோரியாவில் தங்கம் தேட வேண்டிய 'மைனர்ஸ் ரைட்' அனுமதி எடுத்திருக்கிறீர்களா? ஒருமுறை எடுத்தால் பத்து வருடம் செல்லும், எடுக்காமல் போகாதீர்கள். அனுமதி இருந்தாலும் தேசியப் பூங்காக்களில் எங்கே தேடலாம் என்று பார்த்துவிட்டுப் போங்கள். தோண்டிய குழியை மூடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அந்தக் காட்டில் பழைய சுரங்கக் குழிகள் வேலியில்லாமல், புதர் மூடிக் கிடக்கின்றன. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு காயிலையே பார்த்தபடி நடக்காதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.